பூனைக்கும் காரில் இடம் உண்டு!

வீடு மாற்றும் நாள்.

கட்டில் லாரியில் ஏறிவிட்டது. பீரோ ஏறிவிட்டது. கிரைண்டரும் ஏறிவிட்டது. அம்மா சமையல் அறையைக் கடைசியாக ஒரு முறை பெருக்குகிறாள். அப்பா வாசலில் நின்று, “நேரமாகிறது, நேரமாகிறது” என்கிறார். தெருவில் வாடகைக் கார் காத்து நிற்கிறது.

அப்போதுதான் சின்னப் பெண் கேட்கிறாள்:

“பூனை எங்கே?”

எல்லோரும் தேடுகிறார்கள். பரணில் இல்லை. மாடிப் படிக்கு அடியில் இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக் கூரையில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. கூப்பிட்டால் வரவில்லை. மீனைக் காட்டினாலும் வரவில்லை. காலையிலிருந்து வீட்டில் நடந்த அமளியைக் கண்டு அது மிரண்டு போயிருக்கிறது.

“விட்டுவிடு, அம்மா. அது எப்படியாவது பிழைத்துக் கொள்ளும்” என்கிறார் அப்பா.

கார் புறப்படுகிறது. சின்னப் பெண் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போகிறாள்.

மாற்றல் உத்தரவு வருகிற எத்தனையோ வீடுகளில் இது நடக்கிறது. பூனை மேல் அன்பு இல்லாததால் அல்ல. பூனையைக் காரில் அழைத்துப் போவது எப்படி என்று தெரியாததால்தான்.

அது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. கொஞ்சம் முன்யோசனை வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டும். அவ்வளவுதான்.

பிழைத்துக் கொள்ளுமா?

“நாய் மனிதரை நம்பி இருக்கும், பூனை வீட்டை நம்பி இருக்கும்” என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. அதனால் வீட்டோடு பூனையை விட்டுப் போவது தவறில்லை என்று பலர் நினைக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். வேளா வேளைக்குத் தட்டில் சோறு கண்ட பூனை அது. பூட்டிய வீட்டின் முன்னால் எத்தனை நாள் காத்திருக்கும்? புதுக் குடித்தனக்காரர் விரட்டினால் எங்கே போகும்? தெரு நாய்கள் இருக்கின்றன. வண்டிகள் இருக்கின்றன. தெருவிலேயே பிறந்து வளர்ந்த பூனைக்குத் தெரிந்த தந்திரம் இதற்குத் தெரியாது.

சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. நம் நாட்டில் 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. தகுந்த காரணம் இல்லாமல், பட்டினியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது அந்தச் சட்டப்படி குற்றம். வீண் துன்பம் உண்டாகும்படி வண்டியில் ஏற்றிச் செல்வதும் குற்றம்.

ஆகவே பூனையை விட்டுப் போகவும் கூடாது. கோணிப்பையில் போட்டுக் கட்டித் தூக்கிப் போகவும் கூடாது!

கோணிப்பை என்றதும் கிராமத்துக்காரர்களுக்கு ஒன்று ஞாபகம் வரும். பாலைத் திருடும் பூனையைக் கோணியில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டு வருவார்கள். இருட்டு, மூச்சுத் திணறல், ஆட்டம். இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தப் பூனையும் நகத்தை நீட்டும். அதைப் பார்த்துவிட்டு, “பூனைக்குப் பிரயாணம் ஆகாது” என்று முடிவு செய்துவிட்டோம்.

பழைய பிரயாணி

உண்மையில் பூனை மிகப் பழைய பிரயாணி.

மத்தியதரைக் கடலில் சைப்ரஸ் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு புதைகுழியை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2004-ல் அந்தச் செய்தி வெளியாயிற்று. குழியில் ஒரு மனிதரின் எலும்புக்கூடு. அதன் பக்கத்திலேயே ஒரு பூனையின் எலும்புக்கூடு!

அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை இனம் கிடையாது. அப்படியானால் பூனை எப்படி வந்தது? மனிதர்தான் படகில் ஏற்றிக் கொண்டு வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு பூனை கப்பல் கப்பலாக உலகம் சுற்றியது. சரக்கைக் கடிக்கும் எலியைப் பிடிக்க மாலுமிகள் பூனையை வைத்துக் கொண்டார்கள். கடலையே கடந்த பூனை, நம் ஊர் நெடுஞ்சாலையைக் கடக்காதா?

எதைக் கண்டு பயம்?

பூனை காரைக் கண்டு பயப்படவில்லை. தெரியாத எதைக் கண்டாலும் பயப்படுகிறது.

முதலில் வாசனை. பூனை தன் கன்னத்தை நாற்காலிக் காலிலும் கதவு ஓரத்திலும் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கன்னத்தில் உள்ள சுரப்பியிலிருந்து ஒரு வாசனைப் பொருள் அங்கே ஒட்டிக் கொள்கிறது. நம் மூக்குக்கு அது தெரியாது. பூனைக்குத் தெரியும். “இது என் இடம்” என்று அதற்கு ஒரு தைரியம். காரில் அந்த வாசனை ஏது? பெட்ரோலும் ரெக்ஸினும் வாசனைத் திரவியமும்தான் இருக்கின்றன.

இரண்டாவது சத்தம். மனிதக் காதுக்கு நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். பூனைக்கு 60,000-க்கு மேலும் கேட்கும். சுவருக்குள் எலிக்குஞ்சு கத்துவதைக் கேட்கும் காது அது. லாரியின் ஹாரன் அந்தக் காதில் விழுந்தால் எப்படி இருக்கும்!

மூன்றாவது ஆட்டம். உட்காதில் இருக்கும் ஓர் உறுப்பு, “நகருகிறோம்” என்கிறது. கண்ணோ, கூண்டுக்குள் எதுவும் நகரவில்லையே என்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் சிலருக்குப் பஸ்ஸில் வாந்தி வருகிறது. பூனைக்கும் அதே கதைதான். வாயில் எச்சில் ஒழுகும். ஓயாமல் கத்தும். பிறகு வாந்தி எடுக்கும்.

வாசனை, சத்தம், ஆட்டம் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிட்டால் பயம் தணியும்.

எந்தக் கூண்டு நல்லது?

முதலில் ஒரு கூண்டு வாங்குங்கள். பிராணிகளுக்குச் சாமான் விற்கும் கடையில் “கேரியர்” என்று கேட்டால் கொடுப்பார்கள். கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்தது நல்லது.

பூனை உள்ளே எழுந்து நிற்க முடிய வேண்டும். திரும்பிப் படுக்க முடிய வேண்டும். அதைவிடப் பெரிய கூண்டும் வேண்டாம். வளைவில் வண்டி திரும்பும்போது பூனை உருண்டு போகும்.

முன்னால் ஒரு கதவும் மேலே ஒரு திறப்பும் இருந்தால் சௌகரியம். பயந்த பூனையை முன்கதவு வழியாகத் தள்ளுவது கஷ்டம். மேலிருந்து இறக்குவது சுலபம். டாக்டரும் மேல் மூடியைக் கழற்றிவிட்டுச் சோதனை செய்யலாம்.

பிரம்புக் கூடை பார்க்க அழகு. ஆனால் மூடி உறுதியாக இல்லாவிட்டால் பூனை முட்டித் திறந்துவிடும். அட்டைப் பெட்டி உதவாது. நனைந்தால் கிழிந்துவிடும்.

இரண்டு பூனை இருந்தால் இரண்டு கூண்டு. வீட்டில் கட்டிப் பிடித்துத் தூங்கும் பூனைகளும் பயம் வந்தால் ஒன்றை ஒன்று பிறாண்டும்.

பழைய கூண்டு கிடைத்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காய வையுங்கள். பினாயில் வேண்டாம். பினாயில் வகை மருந்துகள் பூனைக்கு விஷம். கூண்டுக்குள் அந்துருண்டை போட்டு வைப்பதும் கூடாது. அதுவும் விஷம்தான்.

ஆறு வாரப் பாடம்

கிளம்பும் நாளன்று கூண்டைப் பரணிலிருந்து இறக்காதீர்கள். ஆறு வாரத்துக்கு முன்பே இறக்குங்கள்.

முதல் வாரம். கூண்டைக் கூடத்தில் ஒரு மூலையில் வையுங்கள். கதவைத் திறந்தே வையுங்கள். உள்ளே பூனை படுத்துப் பழகிய பழைய துணியைப் போடுங்கள். அம்மாவின் பழைய புடவைத் துண்டாக இருந்தால் இன்னும் நல்லது. மெல்லிய துணியால் பூனையின் கன்னத்தைத் தடவி, அந்தத் துணியைக் கூண்டின் உட்புறத்தில் தேயுங்கள். பூனையின் சொந்த வாசனை கூண்டுக்கு வந்துவிடும்.

அதற்குப் பிறகு கூண்டு இருப்பதையே மறந்துவிடுங்கள். பூனையைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டாம். ஒரு நாள் தானாக மோந்து பார்க்கும். ஒரு நாள் தலையை நீட்டும். ஒரு நாள் உள்ளே போய்ச் சுருண்டு படுக்கும்.

இரண்டாம் வாரம். சாப்பாட்டுத் தட்டைக் கூண்டின் வாசலில் வையுங்கள். இரண்டு நாள் கழித்துக் கொஞ்சம் உள்ளே. இன்னும் இரண்டு நாள் கழித்துக் கடைசி வரை உள்ளே. உப்பில்லாமல் வேக வைத்த மீன் துண்டு ஒன்று போட்டால் வேலை சுலபமாக முடியும்.

மூன்றாம் வாரம். பூனை உள்ளே தின்னும்போது கதவை மெல்லச் சாத்துங்கள். அது தின்று முடிப்பதற்குள் திறந்துவிடுங்கள். மறுநாள் அரை நிமிடம். அடுத்த நாள் ஒரு நிமிடம். பத்து நிமிடம் வரை போகலாம். பூனை கத்தினால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு படி பின்னால் போங்கள்.

நான்காம் வாரம். மூடிய கூண்டைத் தூக்கி வீட்டுக்குள் நடங்கள். கைப்பிடியை மட்டும் பிடித்து ஊசலாட்ட வேண்டாம். அடியில் ஒரு கை கொடுத்து, குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக் கொள்ளுங்கள்.

ஐந்தாம் வாரம். கூண்டைக் காரில் வையுங்கள். என்ஜின் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசிக் கொண்டிருங்கள். மீன் துண்டு ஒன்று கொடுங்கள். இறக்கிவிடுங்கள். மறுநாள் என்ஜினை மட்டும் ஓட்டுங்கள். கார் நகர வேண்டாம்.

ஆறாம் வாரம். தெருவை ஒரு சுற்று. மறுநாள் இரண்டு தெரு. பிறகு பத்து நிமிடம். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குத் திரும்பியதும் பூனைக்குப் பிடித்த தீனி. காரில் போனால் வீட்டுக்குத் திரும்பலாம், மீனும் கிடைக்கும் என்று பூனை தெரிந்து கொள்ளும்.

சொந்தக் கார் இல்லாதவர்கள் என்ன செய்வது? சிநேகிதர் காரில் இரண்டு நாள் பழக்கினாலும் போதும். அதுவும் முடியாவிட்டால் கூண்டுப் பழக்கத்தை மட்டும் நன்றாகச் செய்யுங்கள். பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

வியன்னாவில் ஒரு சோதனை

“பூனைக்குப் பாடமா?” என்று சிரிக்க வேண்டாம். ஆஸ்திரியா நாட்டின் தலைநகர் வியன்னாவில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. அங்குள்ளவர்கள் 22 பூனைகளை வைத்து ஒரு சோதனை செய்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள்.

பாதிப் பூனைகளுக்கு ஆறு வாரம் கூண்டுப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றப் பூனைகளுக்குப் பயிற்சி இல்லை. பிறகு எல்லாப் பூனைகளையும் காரில் ஏற்றி, டாக்டர் சோதனைக்குக் கொண்டு போனார்கள்.

பயிற்சி பெற்ற பூனைகள் காரில் குறைவாகவே பயந்தன. டாக்டருக்கும் சோதனை சீக்கிரம் முடிந்தது. பயிற்சி வீண் போகவில்லை!

டாக்டரைக் கேளுங்கள்

கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரிகளில் பூனைக்கும் வைத்தியம் உண்டு. சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கப்பட்டது. அங்கும் பூனைகளுக்கு வைத்தியம் செய்கிறார்கள்.

வெறிநாய்க்கடி நோய் பூனைக்கும் வரும். பூனையிடமிருந்து மனிதருக்கும் வரும். அதற்குத் தடுப்பு ஊசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஊசி போட்ட சீட்டைப் பத்திரப்படுத்தி, கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சினைப் பூனை, கிழப் பூனை, நோய்ப் பூனை ஆகியவற்றை டாக்டரைக் கேட்காமல் நெடுந்தூரம் அழைத்துச் செல்லாதீர்கள். தட்டை முகமுள்ள பாரசீகப் பூனைக்கு வெயிலில் மூச்சு வாங்கும். அதற்குத் தனிக் கவனம் வேண்டும்.

வாந்தியை நிறுத்தவும் பயத்தைத் தணிக்கவும் மருந்து உண்டு. அதை டாக்டர்தான் பூனையின் எடை பார்த்துக் கொடுக்க வேண்டும். பிரயாணத்துக்கு முன் ஒரு நாள் வீட்டிலேயே கொடுத்துப் பார்ப்பது நல்லது. ஒத்துக் கொள்கிறதா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. நாம் சாப்பிடும் மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. முக்கியமாகப் பாராசிட்டமால். காய்ச்சலுக்கு நாம் சர்வ சாதாரணமாக விழுங்கும் மாத்திரை அது. பூனையின் உயிரை அது வாங்கிவிடும். பாதி மாத்திரைகூட ஆபத்து.

கிளம்பும் நாள்

லாரி வருவதற்கு முன்பே பூனையை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். அதன் கூண்டு, தண்ணீர்க் கிண்ணம், மணல் தட்டு எல்லாம் அந்த அறையிலேயே இருக்கட்டும். கதவில், “பூனை உள்ளே இருக்கிறது, திறக்காதீர்கள்” என்று ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். சாமான் தூக்க வருகிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள். அந்த அறைச் சாமானைக் கடைசியில் ஏற்றிக் கொள்ளலாம்.

இந்த ஒரு காரியத்தைச் செய்தால் போதும். கூரையில் ஏறிய பூனையைத் தேடி அலைய வேண்டி வராது.

புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன் கொஞ்சமாகத் தீனி போடுங்கள். பிறகு ஒன்றும் வேண்டாம். வயிறு நிறைந்திருந்தால் வாந்தி வரும். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும்.

“பாவம், வழியில் பசிக்குமே” என்று பாட்டி ஒரு கிண்ணம் பால் வைப்பாள். வேண்டாம், பாட்டி! வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் ஜீரணம் ஆவதில்லை. வழியில் வயிற்றுப் போக்கு வந்துவிடும்.

கூண்டின் அடியில் பழைய பத்திரிகைத் தாள்களை மூன்று நான்கு அடுக்காக விரியுங்கள். அதன்மேல் துணி. நனைந்தால் மேலே உள்ளதை எடுத்து எறிந்துவிடலாம். மாற்றுத் துணி இரண்டும் ஒரு பிளாஸ்டிக் பையும் கையில் இருக்கட்டும்.

பூனையின் கழுத்தில் ஒரு பட்டை கட்டி, அதில் உங்கள் டெலிபோன் எண்ணை எழுதுங்கள். எங்காவது மாட்டிக் கொண்டால் தானாக விடுபடும் பட்டையாக வாங்குங்கள். பூனையின் படம் ஒன்றும் செல்போனில் இருக்கட்டும். தொலைந்தால் தேட உதவும்.

வாடகைக் கார் என்றால், பூனை வருகிறது என்று முன்கூட்டியே டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். வாசலில் வந்து நின்ற பிறகு தகராறு வேண்டாம்.

“பூனை குறுக்கே போனால் சகுனத் தடை” என்று சொல்பவர்கள் உண்டு. உங்கள் பூனைதான் கூண்டுக்குள் இருக்கிறதே! தைரியமாகக் கிளம்புங்கள்.

காரில் எந்த இடம்?

முன்சீட்டுக்குப் பின்னால், கால் வைக்கும் இடத்தில் கூண்டைத் தரையில் வையுங்கள். ஆடாமல் இருக்க இரு பக்கமும் தலையணை வைத்து முட்டுக் கொடுங்கள். பிரேக் போட்டாலும் அங்கிருந்து கூண்டு பறக்காது.

டிக்கியில் வைக்கவே கூடாது. முன்சீட்டிலும் வேண்டாம். விபத்து நேர்ந்தால் காற்றுப்பை விரிந்து கூண்டில் மோதும்.

மடியில் வைத்துக் கொள்ளலாமா? கூடாது. காருக்குள் கட்டாமல் இருக்கும் எந்தப் பொருளும், வண்டி திடீரென்று நிற்கும்போது அதே வேகத்தில் முன்னால் பாயும். பூனையும் அப்படித்தான். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பயந்த பூனை இருட்டான இடம் தேடும். டிரைவரின் காலடிதான் இருட்டான இடம். பிரேக்குக்கு அடியில் பூனை புகுந்துவிட்டால்? பூனைக்கு மட்டும் அல்ல, குடும்பத்துக்கே ஆபத்து!

கூண்டை மெல்லிய பருத்தித் துணியால் மூடுங்கள். காற்று போகும்படி ஒரு பக்கம் திறந்திருக்கட்டும். ஓடும் மரங்களும் லாரிகளும் கண்ணில் படாவிட்டால் பூனை அடங்கியிருக்கும். ரேடியோவை மெதுவாக வையுங்கள். குளிர்சாதனக் காற்று நேராகக் கூண்டின்மேல் அடிக்க வேண்டாம். அன்றைக்கு மட்டும் காரில் வாசனைத் திரவியம் வேண்டாம்.

முதல் அரை மணி நேரம் சில பூனைகள் கத்தும். மனம் இளகித் திறந்துவிடாதீர்கள். மெல்லிய குரலில் பேசுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

மதுரையிலிருந்து சென்னைக்கு

உதாரணமாக, மதுரையிலிருந்து சென்னைக்குப் போவதாக வைத்துக் கொள்வோம். ஏறக்குறைய 460 கிலோமீட்டர். எட்டு மணி நேரமாவது ஆகும்.

விடியற்காலையில் கிளம்புங்கள். வெயில் ஏறுவதற்குள் பாதி தூரம் போய்விடலாம். திருச்சி தாண்டியதும் ஒரு முறை, விழுப்புரத்துப் பக்கம் ஒரு முறை நிறுத்துங்கள். நிழலான இடமாகப் பாருங்கள்.

நிறுத்தும்போது பூனையை வெளியே எடுக்காதீர்கள். “கொஞ்சம் கால் நீட்டட்டுமே” என்று திறப்பார்கள். ஹாரன் ஒன்று ஒலிக்கும். பூனை சோளக் கொல்லைக்குள் பாய்ந்துவிடும். தெரியாத ஊரில் எங்கே தேடுவீர்கள்? இரக்கப்பட்டுத் திறந்த கதவால்தான் பூனை தொலைந்து போகும்.

கார்க் கதவுகளும் கண்ணாடிகளும் மூடியிருக்கும்போது மட்டும் கூண்டைச் சிறிது திறந்து தண்ணீர் காட்டலாம். நனைந்த துணியை மாற்றலாம். குடிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். வளர்ந்த பூனை வழி முழுவதும் சிறுநீர் கழிக்காமல்கூட இருக்கும். பயப்பட வேண்டாம்.

வெயில் எமன்

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

நிறுத்திய காருக்குள் பூனையைத் தனியாக விட்டுவிட்டுப் போகவே கூடாது. “ஒரு காபி குடித்துவிட்டு வருகிறோம்” என்பது கால் மணி நேரம் ஆகும். இலை போட்டுச் சாப்பிட்டால் முக்கால் மணி ஆகும்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், வெயிலில் நிறுத்திய காரின் சூட்டை அளந்து பார்த்தார்கள். 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் காருக்குள் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் சூடு ஏறிவிட்டது. அதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய பலன் இல்லை.

வெளியே 35 டிகிரி என்றால் உள்ளே என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

பூனைக்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது சாதாரணம். பூனை அப்படி வாயைத் திறந்து இரைத்தால் ஆபத்துக்கு அறிகுறி. உடனே குளிர்ந்த இடத்துக்குக் கொண்டு போங்கள். காதையும் பாதத்தையும் ஈரத் துணியால் துடையுங்கள். ஐஸ் வைக்க வேண்டாம். பக்கத்து ஊர் டாக்டரிடம் விரையுங்கள்.

சாப்பிட இறங்கினால் ஒருவர் மாற்றி ஒருவர் காரில் இருங்கள். குளிர்சாதனம் ஓடிக் கொண்டிருக்கட்டும். கட்டுச்சோறு கொண்டு போனால் இந்தக் கவலையே இல்லை!

புது வீடு

ஊர் வந்து சேர்ந்தாயிற்று. கூண்டைக் கூடத்தில் வைத்துத் திறந்து விடலாமா? வேண்டாம். சாமான் இறங்கும்போது கதவுகள் எல்லாம் திறந்து கிடக்கும்.

ஓர் அறையைப் பூனைக்கு ஒதுக்குங்கள். ஜன்னலைச் சாத்துங்கள். மணல் தட்டு ஒரு மூலையில், தீனி எதிர் மூலையில். பழைய வீட்டுத் துணியைத் துவைக்காமல் போடுங்கள். கூண்டைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வாருங்கள். பூனை தன் இஷ்டப்படி வரட்டும். கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கொண்டால் இழுக்க வேண்டாம்.

இரண்டு மூன்று நாள் கழித்து அறைக் கதவைத் திறந்து, மற்ற அறைகளைப் பார்க்க விடுங்கள். ஆனால் இரண்டு மூன்று வாரத்துக்குத் தெருவில் விடாதீர்கள். புது வீடு பக்கத்துத் தெருவில் இருந்தால், பழைய வீட்டைத் தேடி நடந்தே போய்விடும். புது வீடு வேறு ஊரில் இருந்தால் வழி தெரியாமல் தொலைந்து போகும். சுவரிலும் கதவிலும் அது கன்னத்தைத் தேய்க்க ஆரம்பித்தால், புது வீடு அதற்குச் சொந்த வீடாகிறது என்று அர்த்தம்.

முதல் நாள் தின்னாமல் இருப்பது சகஜம். ஒரு நாளுக்கு மேல் ஒன்றுமே தின்னாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். பல நாள் பட்டினி கிடந்தால் பூனையின் ஈரலில் கொழுப்புச் சேர்ந்து நோய் வரும். கடுவன் பூனை சிறுநீர் வராமல் முக்கினால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. மூத்திரப் பாதை அடைத்திருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து.

நாளைக்கே கிளம்ப வேண்டுமா?

ஆறு வாரம் எல்லோருக்கும் கிடைக்காது. நாளைக்கே கிளம்ப வேண்டுமானால் என்ன செய்வது?

இன்றைக்கே பூனையையும் கூண்டையும் ஒரே அறையில் வையுங்கள். கன்னத்தைத் தடவிய துணியை மறக்க வேண்டாம். இராத்திரித் தீனியைக் கூண்டுக்குள் வையுங்கள். பயத்துக்கு மருந்து வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். காலையில் பூனை தானாக உள்ளே போகாவிட்டால், பெரிய துண்டில் தலை மட்டும் வெளியே தெரியும்படி சுற்றி, மேல் திறப்பு வழியாக மெல்ல இறக்குங்கள். துரத்திப் பிடிக்காதீர்கள். கத்தாதீர்கள்.

குழந்தைகளுக்கு ஒரு வேலை

கூண்டுப் பழக்கத்தைக் குழந்தைகளிடமே ஒப்படைத்துவிடுங்கள். காலண்டரில் ஆறு வாரத்தையும் குறித்துக் கொள்ளட்டும். இன்று எத்தனை நிமிடம் கதவு மூடியிருந்தது, பூனை கத்தியதா, கத்தவில்லையா என்று தினமும் எழுதட்டும். மூடிய கூண்டைத் தூக்குவதும் காரில் வைப்பதும் பெரியவர்கள் வேலை.

வாயில்லாத ஜீவனிடம் எப்படிப் பொறுமையாக நடப்பது என்று பிள்ளைகள் இதில் கற்றுக் கொள்வார்கள்.

நினைவில் வையுங்கள்

1. கூண்டை ஆறு வாரத்துக்கு முன்பே வீட்டில் திறந்து வையுங்கள்.

2. சாமான் ஏற்றும் நாளில் பூனை மூடிய அறையில் இருக்கட்டும்.

3. மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன் இலேசான தீனி. பால் வேண்டாம்.

4. டாக்டர் கொடுக்காத மாத்திரை எதுவும் வேண்டாம்.

5. முன்சீட்டுக்குப் பின்னால், தரையில் கூண்டு. மடியில் வேண்டாம், டிக்கியில் வேண்டாம்.

6. வழியில் கார்க் கதவு திறந்திருக்கும்போது கூண்டைத் திறக்காதீர்கள்.

7. நிறுத்திய காரில் தனியாக விடாதீர்கள். ஐந்து நிமிடம்கூட வேண்டாம்.

8. புது வீட்டில் முதலில் ஓர் அறை. இரண்டு மூன்று வாரத்துக்கு வெளியே விட வேண்டாம்.

அடுத்த மாதம் வீடு மாற்றப் போகிறீர்களா? சாமான் பட்டியல் எழுதும்போது முதல் வரியில் பூனையின் பெயரை எழுதுங்கள். இன்றைக்கே கூண்டை எடுத்துக் கூடத்தில் வையுங்கள்.